சீரியல் போர்ட்டைப் படிக்கும்போது ப்ராசஸர் ஏன் ஏறுகிறது? கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பினாங்கில் தொழிற்சாலை வேலை பார்ப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. எடைக் கருவியிலிருந்தோ பார்கோடு ஸ்கேனரிலிருந்தோ தகவலை எடுத்துத் திரையில் காட்டும் ஒரு சின்ன நிரல். எப்போதோ யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. வேலை என்னவோ ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அந்த ஒரு நிரல் மட்டும் 25 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. "அண்ணே, லைன்ல ஒண்ணுமே ஓடல, சிபியு மட்டும் ஏறிப்போய் நிக்குது" என்று இரவு ஷிப்டிலிருந்து அழைப்பு வரும். அடுத்த நாள் புதிய கணினி கேட்டு விண்ணப்பம் போகும். புதிய கணினியிலும் அதே கதைதான்.

1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்திலும், கடலுக்கு அந்தப் பக்கம் பிறையிலும் ஆர்எஸ்-232, ஆர்எஸ்-485 எனும் சீரியல் கம்பிகளுக்கு, அதாவது தகவலை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் கம்பிகளுக்கு, இன்னும் வேலை இருக்கிறது. அவை கணினியில் சேரும் இடம்தான் சீரியல் போர்ட். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, மின் அளவி, லாரி எடைமேடை, பழைய பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) எல்லாம் அந்தக் கம்பியில்தான் பேசுகின்றன. அவற்றோடு இணைத்திருக்கும் கணினி பெரும்பாலும் விசிறி இல்லாத சின்னப் பெட்டி. அதையும் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். நம் ஊர் வெக்கையில் அந்த அலமாரிக்குள் ப்ராசஸர் நாள் முழுக்க முழுவேகத்தில் சுற்றினால், சூடு தாங்காமல் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதுதான் எடை விட்டுப்போவது, ஸ்கேன் பதிவாகாமல் போவது எல்லாம் தொடங்கும். அதனால் "வேலைதான் நடக்குதே" என்று இதை விட்டுவிடக் கூடாது.

இது பைத்தான், சி ஷார்ப், சி++ இவற்றில் ஏதோ ஒன்றில் எழுதிய நிரலைக் கையில் வைத்திருக்கும் தொழில்நுட்பருக்கான வழிகாட்டி. மூல நிரல் கையில் இல்லாதவர்களுக்கும் முதல் இரண்டு படிகள் பயன்படும். குறை எந்தப் பக்கம் என்பதையாவது ஆதாரத்தோடு சொல்லலாம்.

முதலில் ஒரு கணக்கு

9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில், வழக்கமான 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்ற அமைப்பில், ஒரு பைட் போக ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்து 10 பிட் வேண்டும். அதாவது நொடிக்கு அதிகபட்சம் 960 பைட். 115200 பாட் என்றாலும் 11,520 பைட்தான். அந்த வேகத்தில் ஒரு பைட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 87 மைக்ரோநொடி இடைவெளி இருக்கிறது. 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் அந்த இடைவெளிக்குள் ஏறத்தாழ 260,000 முறை துடித்துவிடும். ஒரு பைட்டை வாங்கி நினைவகத்தில் வைக்க அதில் சிறு துளி போதும்.

ஆகவே சீரியல் தகவலின் அளவு ஒருபோதும் ப்ராசஸரைத் திணறடிக்காது. திணறடிப்பது, தகவலுக்காக நிரல் காத்திருக்கும் விதம். பட்டர்வொர்த் துறையில் ஃபெரிக்குக் காத்திருப்பவர் பெஞ்சில் உட்கார்ந்து அறிவிப்பு வரும்போது எழுந்து போகலாம். அல்லது நொடிக்கொரு தடவை கவுண்டருக்கு ஓடி "வந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். இருவருக்கும் ஃபெரி ஒரே நேரத்தில்தான் வரும். இத்தகைய நிரல்கள் பல இரண்டாவது ஆள் மாதிரி எழுதப்பட்டிருக்கின்றன.

காத்திருக்கும் விதம் சரியாக இருந்தும் ப்ராசஸர் ஏறினால் மூன்று இடங்களில் தேட வேண்டும்: தகவல் வந்த பிறகு நிரல் செய்யும் வேலை, துண்டித்துப் போன இணைப்பு, டிரைவரும் கம்பியும். இந்த வரிசையிலேயே தேடுங்கள். நேரம் மிச்சமாகும்.

படி 1: எண்ணைப் பாருங்கள், பிறகு கேபிளைக் கழற்றுங்கள்

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் டீடெயில்ஸ் பக்கத்தில் உங்கள் நிரலின் சிபியு எண்ணைப் பாருங்கள். பிறகு பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் லாஜிக்கல் ப்ராசஸர் எத்தனை என்று பாருங்கள். 100ஐ அந்த எண்ணால் வகுத்து வருவதும் நிரலின் எண்ணும் ஒன்றாக இருந்தால், ஒரே ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைச் சரடு) ஓய்வே இல்லாமல் சுற்றுகிறது என்று பொருள். 4 இருந்தால் 25, 8 இருந்தால் 12 அல்லது 13, 16 இருந்தால் 6. எண் ஏறி இறங்காமல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். லினக்ஸில் 'டாப்' கட்டளை ஒரு கோரை 100 என்று கணக்கிடுவதால் அங்கே நேராக 100 என்றே தெரியும்.

16 கோர் கணினியில் 6 விழுக்காடு என்றால் யாரும் கவலைப்படுவதில்லை. அதுதான் ஆபத்து. அதே நிரலை 2 கோர் உள்ள சின்னப் பெட்டிக்கு மாற்றும் நாளில் பாதி கணினி காணாமல் போகும்.

அடுத்து, நிரல் ஓடும்போதே கருவியின் பக்கத்தில் கேபிளைக் கழற்றுங்கள். சீரியல் கம்பியைக் கணினியின் யுஎஸ்பியில் சேர்க்கும் மாற்றி இருந்தால் அதைத் தொடாதீர்கள், கருவியின் பக்கம் மட்டும். தகவல் வருவது நின்றுவிடும், போர்ட் மட்டும் திறந்தே இருக்கும். இப்போது எண்ணைப் பாருங்கள்.

எண் மாறவே இல்லையென்றால், தகவலுக்கும் சுமைக்கும் தொடர்பே இல்லை. நிரல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கிறது. படி 3க்குப் போங்கள்.

எண் பூஜ்யத்துக்கு இறங்கினால், வரும் தகவலை வைத்து நிரல் செய்யும் வேலைதான் பாரம். படி 4.

கழற்றிய பிறகு எண் கூடினால், அல்லது பிறகு தனியாக யுஎஸ்பி மாற்றியையே பிடுங்கிப் பார்க்கும்போது ஒரு கோர் முழுவதையும் பிடித்தால், துண்டிப்பை நிரல் கவனிக்கவில்லை. படி 5.

நிரலின் எண் குறைவாகவே இருந்து, டாஸ்க் மேனேஜரில் "சிஸ்டம் இன்டரப்ட்ஸ்" (வன்பொருள் ப்ராசஸரை இடைமறித்து அழைக்கும் கணக்கு) என்ற வரி மட்டும் உயர்ந்திருந்தால், படி 6.

படி 2: எந்த த்ரெட், எந்த அழைப்பு

விண்டோஸில் இதற்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரை நிர்வாகி உரிமையோடு திறங்கள். நிரலின் மேல் இருமுறை சொடுக்கி, த்ரெட்ஸ் பக்கத்தில் சிபியு வரிசைப்படி அடுக்கினால் குற்றவாளி மேலே நிற்கும். அதன் ஸ்டாக்கை (அழைப்புகளின் அடுக்கு) திறந்தால் எந்த அழைப்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். 'ரீட்ஃபைல்', 'கிளியர்காம்எரர்' போன்ற பெயர்கள் திரும்பத் திரும்பத் தெரிந்தால், நிரல் போர்ட்டை நச்சரித்துக்கொண்டிருக்கிறது. டாட்நெட்டில் 'பைட்ஸ்டுரீட்' பண்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே 'கிளியர்காம்எரர்' அழைப்புதான் போகிறது.

லினக்ஸில் 'டாப்' கட்டளைக்குள் பெரிய எச் எழுத்தை அழுத்தினால் த்ரெட்டுகள் தனித்தனியாகப் பிரியும். அங்கே கிடைக்கும் எண்ணை 'ஸ்ட்ரேஸ்' கருவிக்குக் கொடுங்கள். சுருக்கக் கணக்கு காட்டும் சிறிய சி விருப்பத்தோடு சில நொடிகள் ஓடவிட்டு நிறுத்தினால், எந்த சிஸ்டம் கால் (இயங்குதளத்துக்கு நிரல் விடும் அழைப்பு) எத்தனை தடவை என்று பட்டியல் வரும். நொடிக்கு 960 பைட் மட்டுமே வரக்கூடிய போர்ட்டில் 'ரீட்' அழைப்பு நொடிக்கு லட்சக்கணக்கில் ஓடியிருந்தால், அவற்றில் ஏறக்குறைய எல்லாமே வெறுங்கையோடு திரும்பியவைதான்.

'ஸ்ட்ரேஸ்' தான் ஒட்டிக்கொள்ளும் நிரலை மெதுவாக்கும். உற்பத்தி ஓடும்போது வேண்டாம், ஷிப்ட் மாறும் நேரத்தில் செய்யுங்கள்.

படி 3: காத்திருப்பை இயங்குதளத்திடம் ஒப்படையுங்கள்

பிரச்சினை உள்ள நிரல் எந்த மொழியில் இருந்தாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும்:

முடிவில்லாமல் செய்:
    காத்திருக்கும் பைட் எண்ணிக்கை > 0 என்றால்:
        படி, அலசு, காட்டு

பைட் இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்று இதில் எழுதவில்லை. அதனால் லூப் உடனே மேலே போய் மறுபடி கேட்கிறது. வேண்டியது இந்த வடிவம்:

முடிவில்லாமல் செய்:
    குறைந்தது 1 பைட் வரும்வரை, அல்லது 1 நொடி ஆகும்வரை, உறங்கு
    வந்திருப்பது எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடு
    அலசு, காட்டு
    நிறுத்தச் சொல்லியிருந்தால் வெளியே போ

உறங்கும் நேரத்தில் அந்த த்ரெட் ப்ராசஸரைத் தொடவே தொடாது. பைட் வந்ததும் டிரைவர் எழுப்பிவிடும். 1 நொடி எல்லை எதற்கு என்றால், நிரலை மூடும்போது அந்த த்ரெட் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான்.

பைத்தான்: பைசீரியல் நூலகத்தில் போர்ட்டைத் திறக்கும்போது கொடுக்கும் 'டைம்அவுட்' மதிப்பு, அதாவது எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதுதான் எல்லாமே. 0 என்று கொடுத்தால் 'ரீட்' உடனே திரும்பிவிடும். 'நன்' என்று விட்டால் கேட்ட பைட் அத்தனையும் வரும்வரை நிற்கும். 1 என்று கொடுத்தால் 1 நொடிவரை நிற்கும். அந்த மூன்றாவதுதான் நமக்குத் தேவை. முதலில் 1 பைட்டுக்கு 'ரீட்' அழையுங்கள். அது கிடைத்ததும் 'இன்_வெயிட்டிங்' சொல்லும் மிச்சத்தை ஒரே 'ரீட்'டில் எடுத்து இரண்டையும் ஒட்டிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் 'ரீட்'டை இன்னொரு த்ரெட்டிலிருந்து உடனே விடுவிக்க வேண்டுமானால் 'கேன்சல்_ரீட்' இருக்கிறது.

'ரீட்லைன்' வசதியானது, பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பைசீரியலில் அது ஒவ்வொரு பைட்டாகத்தான் படிக்கிறது. 9600 பாட் எடைக் கருவிக்கு அது பெரிய விஷயம் இல்லை. 115200 வேகத்தில் ஓயாமல் வரும் தகவலுக்கு அது நொடிக்குப் பதினோராயிரம் சின்னப் படிப்புகள். ராஸ்பெர்ரி பை போன்ற பலகையில் அந்தச் சுமை கண்ணுக்குத் தெரியும். அங்கே மொத்தமாகப் படித்து, வரிமுடிவை நீங்களே தேடிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சி ஷார்ப்: 'பைட்ஸ்டுரீட்' பூஜ்யமாக இருக்கும்வரை சுற்றும் வைல் லூப், நடுவில் திரை உறையாமல் இருக்க ஒரு 'டூஈவென்ட்ஸ்'. இந்த ஜோடியைக் கண்டால் அப்படியே எடுத்துவிடுங்கள். பதிலுக்கு இரண்டு வழிகள். ஒன்று 'டேட்டாரிசீவ்ட்' நிகழ்வு. அது தனி த்ரெட்டில் வரும், ஒவ்வொரு பைட்டுக்கும் வரும் என்ற உறுதி கிடையாது. அதனால் வரும்போதெல்லாம் இருப்பது முழுவதையும் எடுத்துவிட வேண்டும். அதற்குள்ளிருந்து திரையை மாற்ற 'இன்வோக்' போட்டால், போர்ட்டை மூடும்போது இரண்டு த்ரெட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும். 'பிகின்இன்வோக்' போடுங்கள். இரண்டாவது வழி தனி த்ரெட்டில் சாதாரண 'ரீட்', அதற்கு ஒரு 'ரீட்டைம்அவுட்'. நான் இரண்டாவதையே விரும்புகிறேன். எங்கே நிற்கிறது, எப்போது எழுகிறது என்று நேராகத் தெரியும், பின்னால் வருபவருக்கும் புரியும்.

விண்டோஸில் சி++: 'செட்காம்டைம்அவுட்ஸ்' அழைப்பைப் பாருங்கள். 'ரீட்இன்டர்வல்டைம்அவுட்' மேக்ஸ்டிவேர்ட் (அங்கே வைக்கக்கூடிய மிகப்பெரிய எண்) ஆகவும் மற்ற இரண்டு படிப்பு மதிப்புகளும் 0 ஆகவும் இருந்தால், பைட் இல்லாவிட்டாலும் 'ரீட்ஃபைல்' உடனே திரும்பும். நகலெடுத்து ஒட்டும் மாதிரி நிரல்களில் இதை நிறையப் பார்க்கலாம். 'ரீட்டோட்டல்டைம்அவுட்மல்டிப்ளையர்' மதிப்பையும் மேக்ஸ்டிவேர்ட் ஆக்கி, 'ரீட்டோட்டல்டைம்அவுட்கான்ஸ்டன்ட்' மதிப்பை 1000 ஆக்குங்கள். பைட் ஏற்கெனவே இருந்தால் உடனே தரும், இல்லையென்றால் முதல் பைட்டுக்காக 1 நொடிவரை உறங்கும். இந்த இரண்டு எண்களின் மாற்றத்திலேயே 25 விழுக்காடு பூஜ்யம் ஆகிவிடும்.

லினக்ஸில் சி: 'விமின்', 'விடைம்' இரண்டும் 0 என்றால் அதே நோய். 'விமின்' 1, 'விடைம்' 0 என்றால் ஒரு பைட்டாவது வரும்வரை நிற்கும். 'விமின்' 0, 'விடைம்' 10 என்றால் 1 நொடிவரை நிற்கும், ஏனென்றால் 'விடைம்' கணக்கு பத்தில் ஒரு நொடியில். இன்னொன்றையும் தவறாமல் பாருங்கள்: 'ஓப்பன்' அழைப்பில் 'ஓ_நான்பிளாக்' அல்லது 'ஓ_என்டிலே' கொடி இருக்கிறதா? மோடம் சிக்னலுக்காக 'ஓப்பன்' மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதைப் போடுவார்கள். திறந்த பிறகு 'எஃப்சிஎன்டிஎல்' வைத்து அதை நீக்க மறந்துவிடுவார்கள். அந்தக் கொடி இருக்கும்வரை 'விமின்' எத்தனை வைத்தாலும் 'ரீட்' காத்திருக்காது. பல போர்ட்டுகளை ஒன்றாகக் கவனிக்க வேண்டுமானால் கொடியை வைத்துக்கொண்டே 'போல்' அல்லது 'செலக்ட்' பயன்படுத்தலாம், அதில் டைம்அவுட் 0 ஆக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி 'ஸ்லீப்' பற்றி. லூப்புக்குள் ஒரு சின்ன உறக்கத்தைப் போட்டால் எண் சட்டென்று இறங்கும். பலர் அதோடு கைகழுவிவிடுகிறார்கள். அவசரத்துக்கு அது குற்றமில்லை, ஆனால் கணக்குப் பார்த்துப் போடுங்கள். விண்டோஸின் வழக்கமான டைமர் துடிப்பு 15.6 மில்லிநொடி. 1 மில்லிநொடி என்று கேட்டாலும் அவ்வளவு நேரம் போகக்கூடும். டாட்நெட் சீரியல் போர்ட்டின் படிப்பு பஃபர் (வந்த தகவலை நிரல் எடுக்கும்வரை வைத்திருக்கும் இடம்) வழக்கமாக 4096 பைட். 115200 வேகத்தில் அது சுமார் 0.36 நொடியில் நிரம்பும், 9600 வேகத்தில் 4 நொடிக்குச் சற்று மேல். ஆக 20 மில்லிநொடி உறக்கம் யாருக்கும் தீங்கு செய்யாது. அரை நொடி உறக்கம் 115200இல் தகவலைக் கொட்டிவிடும். உறங்கி எழும்போது ஒரு பைட்டை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி உறங்கும் நிரல்களும் உண்டு. அவை 9600 வேகத்துக்கே ஈடுகொடுக்காது. எழுந்ததும் இருப்பது அத்தனையையும் எடுக்க வேண்டும்.

படி 4: வந்த தகவலை என்ன செய்கிறீர்கள்?

கேபிளைக் கழற்றியதும் சுமை இறங்கியதா? அப்படியென்றால் போர்ட்டின் மேல் பழியில்லை. எடைமேடைக் கருவி தொடர் முறையில் இருந்தால் நொடிக்குப் பல தடவை எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். லாரி அசையாமல் நின்றாலும் அனுப்பும். ஒவ்வொரு வரிக்கும் திரையை மறுபடி வரைந்து, வரைபடத்தை முழுதாகப் புதுப்பித்து, தரவுத்தளத்தில் ஒரு கமிட் (பதிவை உறுதி செய்வது) போட்டு, பதிவுக் கோப்பைத் திறந்து எழுதி மூடினால் எந்த ப்ராசஸரும் மூச்சு வாங்கும்.

திரையிலிருந்து தொடங்குங்கள். மனிதக் கண்ணுக்கு நொடிக்கு ஐந்து முறை எண் மாறினால் தாராளம். படிக்கும் த்ரெட் கடைசி மதிப்பை ஒரு மாறியில் வைக்கட்டும். திரைக்கு 200 மில்லிநொடி டைமர் ஒன்று அந்த மாறியை எடுத்துக் காட்டட்டும். இந்த ஒரு பிரிவினையே பெரும்பாலான திரைச் சுமையை இறக்கிவிடும்.

வரும் எல்லாவற்றையும் டெக்ஸ்ட்பாக்ஸில் சேர்த்துக்கொண்டே போகும் நிரல்கள் காலையில் நன்றாக ஓடி மாலையில் திணறும். உரை நீள நீள ஒவ்வொரு சேர்ப்பும் கனக்கிறது. கடைசி 500 வரிகளை மட்டும் வைத்து மிச்சத்தை வெட்டுங்கள். முழுப் பதிவு கோப்பில் இருக்கட்டும்.

அதே நோய் பஃபரிலும் வரும். சீரியல் தகவல் துண்டு துண்டாகத்தான் வரும். "12.50" என்பது "12." என்றும் "50" என்றும் இரண்டு படிப்பில் வரலாம். அதனால் சேர்த்து வைத்து வரிமுடிவைத் தேட வேண்டியிருக்கிறது. அலசி முடித்ததை வெட்டாமல் விட்டால் பஃபர் வளர்ந்துகொண்டே போகும், தேடலும் ஒவ்வொரு முறை முதலிலிருந்து தொடங்கும். நிரலின் நினைவகமும் சிபியுவும் சேர்ந்து மெதுவாக ஏறினால் இங்கேதான் பாருங்கள். பஃபருக்கு ஓர் உச்ச அளவும் வையுங்கள். பாட் வேகம் தவறாக அமைந்து வெறும் குப்பை வந்தால் வரிமுடிவு வரவே வராது.

தரவுத்தளத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனி கமிட் வேண்டாம். நொடிக்கொரு தடவை தொகுத்துப் போடுங்கள். எடைமேடை என்றால் எடை நிலைபெற்ற பிறகு வரும் ஒரு பதிவே போதும். நிலையாக இருக்கிறதா, ஆடுகிறதா என்ற குறியைப் பல கருவிகள் வரியிலேயே அனுப்புகின்றன. கருவியின் கையேட்டைப் பார்த்து, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் முறை இருந்தால் அதற்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

படி 5: இணைப்பு அறுந்தால் நிரல் என்ன செய்கிறது?

பல மாதம் அமைதியாக ஓடிய நிரல் திடீரென்று ஒரு நாள் ஒரு கோர் முழுவதையும் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். இயந்திர அதிர்வில் யுஎஸ்பி மாற்றி ஒரு கணம் நழுவும். மாலை இடிமழையில் மின்சாரம் ஒரு முறை கண்சிமிட்டும். போர்ட் மறைந்துவிடும்.

லினக்ஸில் மறைந்த போர்ட்டின் மேல் 'போல்' போட்டால், அது காத்திருக்காமல் துண்டிப்புக் குறியோடு உடனே திரும்பும். அதன்பின் வரும் 'ரீட்' 0 தரும் அல்லது பிழை தரும். "0 என்றால் தகவல் இல்லை, மறுபடி கேள்" என்று எழுதியிருந்தால் லூப் முழுவேகத்தில் சுற்றத் தொடங்கும். 'போல்' தயார் என்று சொல்லியும் 'ரீட்' 0 தந்தால் போர்ட் போய்விட்டது என்றே முடிவு செய்து மூடுங்கள்.

பைசீரியல் இந்த நிலையில் 'சீரியல்எக்ஸெப்ஷன்' வீசும். தகவல் தயார் என்று சொன்ன கருவி எதையும் தரவில்லை, துண்டிப்போ அல்லது போர்ட்டை வேறு நிரலும் பிடித்திருக்கிறதோ என்று அந்தச் செய்தி கேட்கும். சொல்ல வேண்டியதை அது சொல்லிவிடுகிறது. ஆனால் லூப் முழுவதையும் 'ட்ரை', 'எக்ஸெப்ட்' போட்டுச் சுற்றி, பிழையை விழுங்கிவிட்டு மேலே போகும்படி எழுதியிருந்தால் அந்தச் செய்தி யார் கண்ணிலும் படாது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் பிழை பிறந்து மடியும். பிழையைப் பதிவு செய்யுங்கள், போர்ட்டை மூடுங்கள், 1 நொடி கழித்துத் திறக்க முயலுங்கள். முடியாவிட்டால் 2, 4 என்று கூட்டி 30 நொடிவரை போகலாம்.

மறுபடி செருகும்போது 'டிடிஒய்யுஎஸ்பி0' என்று இருந்தது 'டிடிஒய்யுஎஸ்பி1' ஆகிவிடலாம். லினக்ஸில் 'டெவ்' அடைவுக்குள் 'சீரியல்', அதற்குள் 'பை-ஐடி' என்ற அடைவில் உள்ள நிலையான பெயரைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

படி 6: டிரைவர், இன்டரப்ட், கம்பி

இதுவரை சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் கணினி திணறினால் மட்டும் இங்கே வாருங்கள்.

தாய்ப்பலகையிலோ பிசிஐ அட்டையிலோ உள்ள போர்ட்டில் 16550 வகை சிப்புக்கு 16 பைட் ஃபிஃபோ (பைட்டுகள் வரிசையில் காத்திருக்கும் சின்ன இடம்) உண்டு. அதை அணைத்து வைத்திருந்தால் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் இன்டரப்ட். 115200இல் நொடிக்கு 11,520. ஃபிஃபோவை 14 பைட்டில் எழுப்பும்படி வைத்தால் அது சுமார் 820 ஆகிவிடும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்ட் அமைப்பில் இதைப் பார்க்கலாம். லினக்ஸில் 'ப்ராக்' அடைவிலுள்ள 'இன்டரப்ட்ஸ்' கோப்பைச் சில நொடி இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள்.

எஃப்டிடிஐ சிப் உள்ள யுஎஸ்பி மாற்றிகளில் லேட்டன்சி டைமர் என்று ஒன்று உண்டு, வந்த பைட்டுகளைக் கணினிக்கு அனுப்புமுன் சிப் காத்திருக்கும் நேரம், வழக்கமாக 16 மில்லிநொடி. பதில் வேகமாக வர வேண்டும் என்பதற்காக அதை 1 ஆக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும் தகவலுக்கு நொடிக்கு ஆயிரம் சின்னப் பொட்டலங்கள்வரை வரலாம். மோட்பஸ் என்ற நெறிமுறையில் கேள்வி பதிலாகப் பேசும் கருவிக்கு 1 பொருந்தும். எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும் கருவிக்கு 16ஐத் தொட வேண்டியதில்லை.

சீரியல் கம்பியில் ஓடும் மோட்பஸ் வகையான மோட்பஸ் ஆர்டியூ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு செய்தி முடிந்தது என்பதை 3.5 எழுத்து நேர மௌனத்தால் அறிய வேண்டும் என்பது அதன் விதி. 9600 பாட்டில் அது சுமார் 4 மில்லிநொடி. அதைத் துல்லியமாக அளக்க வேண்டும் என்று நினைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றும் லூப்பை எழுதிவிடுவார்கள். விண்டோஸிலோ சாதாரண லினக்ஸிலோ அந்தத் துல்லியம் கிடைக்கவும் கிடைக்காது. கேள்வி கேட்டவர் நீங்கள்தானே, பதிலின் நீளமும் உங்களுக்குத் தெரியும். இரண்டு ஹோல்டிங் ரெஜிஸ்டரைக் கேட்டால் பதில் 9 பைட், பிழைப் பதில் என்றால் 5 பைட். அத்தனையையும் டைம்அவுட்டோடு படித்து, செய்தியின் முடிவில் வரும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணைப் பாருங்கள்.

ஆர்எஸ்-485 கம்பியில் யாரும் பேசாதபோது குப்பை பைட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றனவா? இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருந்து, யாரும் பேசாதபோது கம்பியை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் பயஸ் மின்தடைகள் இல்லாவிட்டால், அமைதியான கம்பியில் ஏற்பி எதை வேண்டுமானாலும் படிக்கும். பக்கத்தில் மோட்டார் இன்வர்ட்டர் ஓடினால் இன்னும் மோசம். ஒவ்வொரு குப்பை பைட்டும் நிரலை எழுப்பி, சிஆர்சி தவறி, மறுமுயற்சி செய்ய வைக்கும். இதற்கு நிரலில் மருந்து தேடாதீர்கள். பயஸ், முனை மின்தடை, கவசக் கம்பியின் எர்த் மூன்றையும் சரிபாருங்கள்.

ராஸ்பெர்ரி பையில் சீரியல் கன்சோல் அதே போர்ட்டில் திறந்திருந்தால் அதுவும் உங்கள் நிரலும் பைட்டுகளைப் பங்கு போட்டுக்கொள்ளும். 'ராஸ்பி-கான்ஃபிக்' மூலம் உள்நுழைவு கன்சோலை அணைத்துவிட்டு, போர்ட்டை மட்டும் விட்டுவையுங்கள். விண்டோஸில், கணினி தொடங்கும்போதே தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும் கருவியைச் சில நேரம் சீரியல் மவுஸ் என்று எண்ணிவிடும். சுட்டி திரையில் தானாகத் தாவும். டிவைஸ் மேனேஜரின் மவுஸ் பிரிவில் அந்தப் போலி சீரியல் மவுஸை முடக்கினால் நின்றுவிடும்.

படி 7: சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

உற்பத்தி லைனில் வைத்துச் சோதிக்க வேண்டாம். விண்டோஸில் 'காம்0காம்', லினக்ஸில் 'சோகேட்' மூலம் ஒன்றோடொன்று இணைந்த இரண்டு போலி போர்ட்டுகளை உருவாக்கி, ஒரு பக்கம் எடைக் கருவிபோல் வரிகளை அனுப்பும் சின்ன நிரலையும் மறுபக்கம் உங்கள் நிரலையும் ஓட்டுங்கள். உண்மையான போர்ட் என்றால் 9 முள் இணைப்பானில் 2ஐயும் 3ஐயும் ஒட்டவைத்தால் அனுப்பியது திரும்பி வரும். அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண் கொடுங்கள். சிபியு இறங்கியதோடு ஒரு எண்ணும் விட்டுப்போகவில்லை என்பதையும் அப்போது உறுதி செய்யலாம்.

தகவல் வராத நேரத்தில் நிரலின் சிபியு 0 என்று இருக்க வேண்டும். வரும்போது சாதாரண அலுவலகக் கணினியில் 1 விழுக்காட்டைத் தாண்டினால் படி 4ஐ மறுபடி பாருங்கள். பிறகு ஓடும்போதே யுஎஸ்பி மாற்றியைப் பிடுங்கிச் செருகுங்கள். சிபியு ஏறாமல் தானே மீண்டும் இணைந்தால், முழு ஷிப்ட் ஒன்று ஓடவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் நினைவக அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது வளராமல் இருந்தால் லைனில் போடலாம்.

லினக்ஸில் நீங்கள் மாற்றியமைத்த லேட்டன்சி மதிப்பு, யுஎஸ்பி மாற்றியைக் கழற்றிச் செருகினாலே பழைய 16க்குத் திரும்பிவிடும். அதற்கு, கருவியைச் செருகும்போது தானாக ஓடும் ஒரு 'யூடெவ்' விதி எழுதி வையுங்கள். பாட் வேகம், டைம்அவுட், லேட்டன்சி மூன்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கணினியை மாற்றுபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.